கங்கை மீனும் சாத்தனூர்ப் பரிசலும்

வேலூர்க்காரர்களிடம் படகில் போயிருக்கிறீர்களா என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் ஏலகிரியைத்தான் சொல்வார்கள். புங்கனூர் ஏரி, கால் வலிக்க வலிக்க மிதிக்கும் பெடல் படகு, இறங்கியதும் மிளகாய் பஜ்ஜி. இன்னும் கொஞ்சம் ஆர்வம் உள்ளவர்கள் ஜவ்வாது மலை ஏறி, ஜமுனாமரத்தூரில் கோமுட்டேரியைப் பார்த்திருப்பார்கள். இரண்டிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிள்ளைகளோடு போகலாம், அரை மணி நேரத்தில் திரும்பலாம். ஆனால் ஒரு கடைகூடக் கண்ணில் படாத, செல்போனில் கோடு காட்டாத, சுற்றிலும் மலையும் காடும் மட்டுமே தெரிகிற தண்ணீர் வேண்டும் என்றால் தெற்கே போக வேண்டும். கண்ணமங்கலம், போளூர், திருவண்ணாமலை தாண்டி சாத்தனூருக்கு.

சாத்தனூர் இன்று திருவண்ணாமலை மாவட்டம். 1989இல் வட ஆர்க்காட்டைப் பிரித்தபோது அந்தப் பக்கம் போய்விட்டது. அப்புறம் வேலூரையே 2019இல் மூன்றாக்கிவிட்டார்கள். எங்கள் அப்பா இந்தப் பிரிவினைகள் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. அவருக்கு சாத்தனூர் இன்னும் ‘நம்ம டேம்’தான். அது கட்டி முடிந்த 1958இல் அவர் பள்ளிக்கூடத்துப் பையன். அந்த அணைக்கு நான் போகும்போதெல்லாம் என் மண்டையில் ஓடுகிற கணக்கு இதுதான்: இந்த ஏரி என் அப்பாவைவிடச் சின்னது.

சுற்றுலா வருகிறவர்கள் பார்ப்பது அணையின் முன்பக்கம். பூங்கா, சிலைகள், முதலைப் பண்ணை, வாணலியில் கொதிக்கிற எண்ணெயும் அதில் சிவந்து புரளுகிற மீனும். பழைய சினிமாப் பாட்டுகளில் கதாநாயகி ஓடி வரும் படிக்கட்டுகளும் அங்கேதான். பின்பக்கம் வேறு உலகம். கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறந்து, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக வருகிற தென்பெண்ணை இங்கே சென்னகேசவ மலைகளுக்கு நடுவில் மறிக்கப்பட்டு நிற்கிறது. முழு நீர்மட்டம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. அந்தத் தண்ணீர் மலை இடுக்குகளுக்குள் வளைந்து வளைந்து பின்னால் போகிறது. கரையில் காப்புக்காடு. அங்கே இஷ்டத்துக்கு இறங்கி அடுப்பு மூட்டவோ, கூடாரம் அடிக்கவோ முடியாது, கூடாது. போவதற்கு ஒரே வழி, அங்கே வலை விடுகிற மீனவர்களின் பரிசல். அணையில் மீன்பிடிப்பு தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் கையில் இருக்கிறது. முறையாகக் கேட்டுக்கொண்டு, ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டையும் மாட்டிக்கொண்டுதான் நான் ஏறுவேன். என்னை ஏற்றிக்கொள்ளும் அண்ணன் அந்தச் சட்டையைப் பார்த்துச் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும். பரிசல் கவிழ்ந்து செத்தவர்களின் செய்தி ஆண்டுதோறும் எங்கிருந்தாவது வந்துகொண்டுதான் இருக்கிறது.

பரிசலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மூங்கிலைப் பிளந்து பிளாச்சு எடுத்து, வட்டமாகப் பின்னி, அடியில் பிளாஸ்டிக் சாக்கு விரித்துத் தைத்து, மேலே தார் காய்ச்சி ஊற்றுகிறார்கள். அந்தக் காலத்தில் சாக்குக்குப் பதில் தோல். இப்போது ஃபைபர் பரிசலும் வந்துவிட்டது. அண்ணனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. “கல்லுல மோதுனா அது ஒடையும் சார். மூங்கிலு வளஞ்சு குடுக்கும்” என்பார். நீருக்கு அடியில் மொட்டை மரங்களும் பாறைகளும் நிறைந்த அணையில் இதைவிட நியாயமான வாதம் கிடையாது. தட்டையான அடிப்பாகம் என்பதால் முழங்கால் அளவுத் தண்ணீர் இருந்தாலே போதும், போய்விடும்.

வட்டமாக இருப்பதால் பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. துடுப்பு பிடிப்பவர் எங்கே குந்துகிறாரோ அதுதான் முன்பக்கம். படகு ஓட்டிப் பழகியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். பக்கவாட்டில் துடுப்புப் போட்டால் பரிசல் நின்ற இடத்திலேயே சுற்றும், ஒரு அடிகூட நகராது. விளிம்பை ஒட்டி மண்டியிட்டு, உடம்பை முன்னே வளைத்து, எட்டின தூரத்தில் துடுப்பை இறக்கி, தண்ணீரைத் தன் பக்கமாக இழுக்க வேண்டும். இடமும் வலமுமாக மாறி மாறி இழுக்க இழுக்க, பரிசல் மெல்லத் தலையாட்டிக்கொண்டே அந்தப் பக்கம் போகும். அண்ணனின் துடுப்பு ஒரே பலகையில் செதுக்கியது. பிடி வழவழவென்று கறுத்து, கட்டைவிரல் படுகிற இடத்தில் சின்னதாகக் குழி விழுந்திருக்கிறது. ஏறினதும் அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: “நடுவுல, கீழ குந்துங்க சார். மீன் துள்ளும். நீங்க துள்ளாதீங்க.”

வலை விடுவது சாயங்காலம், எடுப்பது விடியற்காலம். மெல்லிசான நரம்பு வலை. மேலே தக்கைகள், கீழே ஈயக்குண்டுகள். ஒரு தலைப்பை மொட்டை மரத்தில் கட்டி, பரிசலைப் பின்னால் விட்டுக்கொண்டே வலையை இறக்கிக்கொண்டு போய், மறுதலைப்பில் காலித் தண்ணீர் பாட்டிலைக் கட்டி மிதக்க விடுவார்கள். யாருடைய பாட்டில் எது என்று பார்த்ததுமே அவர்களுக்குத் தெரியும். எனக்கு எல்லாம் ஒரே பாட்டில்தான். வலைக்கண்ணியை விரலால் அளக்கிறார்கள். விரல் நுழையாத சின்னக் கண்ணி வலை தடை செய்யப்பட்டது என்பதைத் தாண்டி, அதைப் போடுகிறவனை அங்கே யாரும் மதிப்பதில்லை. குஞ்சை அரித்துவிட்டால் அடுத்த வருஷம் என்ன பிடிப்பது?

தை மாதத்தில் போனால் அணை நிறைந்திருக்கும், தண்ணீர்மேல் பனி மிதக்கும், குளிரில் பல் கிட்டும். பாட்டிலை எட்டிப் பிடித்து அண்ணன் கயிற்றை இரண்டு விரலால் தொட்டுப் பார்ப்பார். அதிலேயே பாதி தெரிந்துவிடுகிறது அவருக்கு. கயிறு துடித்தால் உயிரோடு இருக்கிறது. கனமாக இழுத்துக்கொண்டு துடிக்காமல் இருந்தால் ராத்திரியே மாட்டிச் செத்த மீன், அல்லது மரக்கட்டை. ஒருமுறை கயிறு பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போக, என் முகத்தைப் பார்த்துவிட்டு “மொதல இல்ல சார், கட்லாதான்” என்றார்.

கட்லாதான். பெரிய தலை, மேல்நோக்கித் திறந்த வாய். அந்த வாயைப் பார்த்தாலே அது எங்கே சாப்பிடுகிறது என்று தெரிந்துவிடும்: நீரின் மேல்மட்டத்தில் மிதக்கிற நுண்ணுயிர்கள்தான் அதன் சாப்பாடு. அதற்கு வலையை மேலே நிறுத்த வேண்டும். ரோகு நடுத் தண்ணீர். செதிலில் இளஞ்சிவப்பு ஓடும். மிர்காலுக்கு வாய் கீழ்நோக்கி இருக்கும், அடிச்சேற்றைக் கிளறித் தின்னும். மூன்றும் ஒரே தண்ணீரில் மூன்று மாடியில் குடியிருக்கின்றன. ஒன்றின் சாப்பாட்டில் இன்னொன்று அதிகம் கை வைப்பதில்லை. அதனால்தான் அணைகளிலும் குளங்களிலும் மூன்றையும் சேர்த்தே விடுகிறார்கள்.

ஆமாம், விடுகிறார்கள். இந்த மீன்கள் எதுவும் தென்பெண்ணையின் சொந்த மீன் கிடையாது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடக்கே கங்கை போன்ற பெரிய ஆறுகளின் மீன்கள். அவற்றுக்கு ஒரு பிடிவாதம் உண்டு: தேங்கின தண்ணீரில் முட்டை போடாது. மழைக்காலத்தில் ஆறு புரண்டு ஓட வேண்டும், புதுத் தண்ணீர் மேலே பட வேண்டும், அப்போதுதான். அதனால் ஒரு காலத்தில் வங்காளத்து ஆறுகளில் குஞ்சுகளை அரித்தெடுத்து, பானையில் போட்டு ரயிலேற்றி ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வழியில் செத்தது போக மிச்சம்தான் குளத்துக்கு. 1957 ஜூலை 10ஆம் தேதி ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, மீனின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை இன்னொரு மீனுக்கு ஊசி போட்டு, ஆறே இல்லாமல் முட்டையிட வைத்தார். அந்தத் தேதியைத்தான் இன்று நாடு முழுக்க மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். மறு வருஷம் சாத்தனூர் அணை கட்டி முடிகிறது. இரண்டுக்கும் நேரடிச் சம்பந்தம் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஊசி இல்லாவிட்டால் சாத்தனூர் கடைகளில் வாணலிகள் இவ்வளவு நிறைந்திருக்காது.

அடுத்தது ஜிலேபி. ஆப்பிரிக்க மீன். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இதற்கு யாரும் ஊசி போடத் தேவையில்லை, குஞ்சு விடத் தேவையில்லை. போதும் என்றாலும் கேட்காது. சித்திரையில் அணை வற்றிக் கிடக்கும்போது கரையோரமாக நடந்தால் சேற்றில் வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும். சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும், ஒன்றை ஒட்டி ஒன்று, யாரோ அளந்து வெட்டினமாதிரி. ஆண் ஜிலேபி வாயாலும் வாலாலும் தோண்டிய கூடு அது. பெண் வந்து முட்டையிட்டு, அதை அப்படியே வாயில் அள்ளிக்கொண்டு போய்விடும். குஞ்சு பொரிகிறவரை சாப்பாடுகூட ஒழுங்காகக் கிடையாது. வெளியே விட்ட பிறகும் ஆபத்து என்றால் குஞ்சுகள் திரும்ப அம்மா வாய்க்குள் ஓடிவிடும். இவ்வளவு கவனமாக வளர்க்கிற மீன் ஏன் பெருகாது? விலை மட்டும் ஏறவே ஏறாது. வலையில் ஜிலேபி நிறைய வந்தால் அண்ணன் முகம் சுருங்கும். முதுகு முள்ளை விரித்துக்கொண்டு நரம்பை முறுக்கி வைத்திருக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பதற்குள் வெயில் ஏறிவிடும்.

அப்படியானால் இந்த மண்ணின் மீன் எது? குறவை, கெளுத்தி, ஆரா. வட ஆர்க்காட்டு ஏரிகளை நன்றாகப் படித்த மீன்கள் இவை. நம் ஏரிகள் நிறைவதும் வற்றுவதும் தலையெழுத்து. காவேரிப்பாக்கம் மாதிரிக் கடலாகத் தெரிகிற ஏரியில்கூட ஆடு மேய்ந்த வருஷங்கள் உண்டு. தண்ணீர் சுண்டிச் சேறானால் கட்லா செத்து மிதக்கும். குறவை சாகாது. மேலே வந்து காற்றை ஒரு வாய் விழுங்கிவிட்டுப் போகும், ஈரச் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். எனக்குத் தெரிந்து தூண்டிலில் இதைவிட மரியாதைக்குரிய மீன் வேறு கிடையாது.

தூண்டில் என் சொந்த வியாதி. மூங்கில் கழி, தங்கூஸ் நரம்பு, தக்கைக்கு மயிலிறகின் தண்டு, அவ்வளவுதான். ரீல் வைத்த விலை உயர்ந்த கம்புகள் வந்துவிட்டன, வைத்திருப்பவர்கள் சந்தோஷமாக இருக்கட்டும். மயிலிறகுத் தக்கை பேசுகிற பேச்சு அதில் இல்லை என்பது என் கட்சி. கெண்டை வந்தால் தக்கை டக் டக்கென்று ஆடும், உள்ளே போகாது, இரையை நோண்டிக்கொண்டிருக்கும். பொறுமை இழந்து சுண்டினால் வெறும் முள்தான் வரும். கெளுத்தி அப்படி விளையாடாது. நாக்குப்பூச்சியை ஒரேயடியாக விழுங்கிக்கொண்டு நடந்து போகும், தக்கை சாய்ந்து மெதுவாகப் பக்கத்தில் நகரும். குறவைக்குத் தக்கையே வேண்டாம். ஆகாயத்தாமரை ஓரத்தில் குட்டித் தவளையைக் கோத்துத் தட்டித் தட்டி இழுத்தால் தண்ணீரே வெடிக்கும்.

கெளுத்தியைக் கழற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது, தெரியாதவர்கள் தயவுசெய்து துணியால் பிடிக்காதீர்கள், முள் துணியைத் தாண்டி வரும். முதுகில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, ஆக மூன்று முள். பக்கத்து முட்களுக்குப் பின்னால் கட்டைவிரலும் நடுவிரலும், முதுகு முள்ளுக்குப் பின்னால் ஆள்காட்டி விரல். அப்படி அணைத்துப் பிடித்தால் அது முள்ளைப் பூட்டிக்கொண்டு கீச்சென்று ஒரு சத்தம் போடும். போடட்டும், அப்போதே கொக்கியைத் திருகி எடுத்துவிட வேண்டும். குத்திவிட்டால் அன்றைக்கு முழுக்கக் கடுக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் கண்டிப்பு உண்டு. ஓரத் தண்ணீரில் குட்டி குட்டியாக ஒரு கூட்டம் குமிழியிட்டுக்கொண்டு நகர்வதைப் பார்க்கலாம். குறவைக் குஞ்சுகள். அதற்கு நேர் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் அடிக்கும், பசியால் இல்லை, குஞ்சுக்கு ஆபத்து என்ற கோபத்தால். அங்கே தூண்டில் போட்டால் மீன் உறுதி. போடக்கூடாது. காவல் போய்விட்டால் ஒரு மணி நேரத்தில் மற்ற மீன்கள் அத்தனை குஞ்சையும் தின்று தீர்த்துவிடும். அந்த மீனைப் பிடித்துப் படம் எடுத்துப் போட்டு விருப்பக்குறி வாங்குகிறவர்களோடு எனக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை.

முதலை பற்றிச் சொல்லாமல் விட்டால் கேட்பீர்கள். இருக்கிறது. பண்ணைக்குள் இருப்பதைச் சொல்லவில்லை, அணைத் தண்ணீரில் தானாக வாழ்கிற முதலைகள். குளிர்காலத்தில் வெயில் ஏறினதும் பாறையில் வந்து வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். பரிசல் தூரத்தில் வரும்போதே வழுக்கி இறங்கிவிடும், அலைகூட எழும்பாது. அதற்கப்புறம்தான் அடிவயிறு கலங்குகிறது. வெளியே கிடக்கிறபோது பயம் இல்லை. எங்கே போச்சு என்று தெரியாதபோதுதான். அண்ணனுக்கு அதன்மேல் பகை எதுவும் இல்லை. வலையைக் கிழித்தால் திட்டுவார், அவ்வளவுதான். வெயில் காலத்தில் அது முட்டையிடுகிற மணல் திட்டுப் பக்கம் மட்டும் பரிசலைக் கொண்டுபோக மாட்டார். தண்ணீரில் கையை விட்டு அளையாதே, மீன் குடலைப் பரிசல் ஓரத்தில் கழுவாதே என்பது அங்கே குழந்தைகளுக்கும் தெரிந்த பாடம். அணையில் விசைப்படகு விட்டால் சுற்றுலா வளரும் என்று யாராவது பேசும்போது எனக்கு அந்த மணல் திட்டும், வலைகளும், ஓரத்து ஜிலேபிக் குழிகளும்தான் ஞாபகம் வருகின்றன. படகு வேண்டுமென்றால் ஏலகிரியில் இருக்கிறதே.

மீன் வேட்டையாட வருகிறவர்களில் நான் மட்டும்தான் தொழில் தெரியாதவன். பனி விலகினால் பார்க்கலாம், நீர்க்காகங்கள் மொட்டை மரத்தில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். கறுப்பு வெள்ளை மீன்கொத்தி ஒரே இடத்தில் அந்தரத்தில் நின்று சிறகடித்து, அப்படியே செங்குத்தாக விழும். குளிர்காலத்துக்கு மட்டும் வருகிற விராலடிப்பான் பருந்து கால்களை முன்னே நீட்டித் தண்ணீரில் பாய்ந்து எழும்போது, மீனின் தலை பறக்கிற திசையைப் பார்த்திருக்கும்படித் திருப்பிக்கொள்ளும். காற்று எதிர்க்காமல் இருக்கத்தான். அண்ணன் அதைப் பார்த்தால் துடுப்பை நிறுத்திவிடுவார். “இவுரு ஒரு நாளும் வெறுங்கையோட போனதில்ல சார்” என்று மரியாதையாகத்தான் பேசுவார்.

எல்லாம் அமைதி என்று நினைத்துவிட வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் இதே அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். கீழே விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஊர்கள் மூழ்கின. மேலே இவர்களுக்கு வலையும் பரிசலும் போயின. அண்ணன் அதை இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை.

இப்போது சாப்பாடு. அணை மீனில் மண்வாடை அடிக்கும் என்று சென்னைக்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். அடிக்கும்தான். தண்ணீரில் இருக்கிற சில நுண்ணுயிர்கள் உண்டாக்குகிற ஜியோஸ்மின் என்ற பொருள் அது, புது மழைக்கு மண் மணக்கிறதே, அதே வாசனைதான். மண்ணில் வந்தால் கவிதை எழுதுகிறோம், மீனில் வந்தால் குறை சொல்கிறோம். புளிப்புப் பட்டால் அது அடங்கிவிடும். கல்லுப்பு போட்டு உரசி, புளித் தண்ணீரிலோ மோரிலோ ஊறவைத்துக் கழுவுகிற வழக்கம் அதற்காகத்தான். அண்ணன் வீட்டு அக்கா மிர்காலைத்தான் குழம்புக்கு எடுப்பார். முள் அதிகம், ருசியும் அதிகம் என்பது அவர் கணக்கு. புளியைக் கெட்டியாகக் கரைத்து, கிடைத்தால் மாங்காய் கீறிப் போட்டு, மண்சட்டியில் கொதிக்கவிட்டு, கடைசியில் மீனைப் போட்டால் அப்புறம் கரண்டி உள்ளே போகாது, சட்டியைப் பிடித்து ஆட்டுவதுதான். தொட்டுக்கொள்ளக் கேழ்வரகுக் களி. பக்கத்திலேயே வறுத்த கட்லாத் துண்டுக்குச் சுற்றுலாக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். பாவம்.

கரைக்கு வந்தால் எடைத் தராசு. பிடித்த மீன் முழுக்க அங்கே போக வேண்டும், நோட்டில் ஏற வேண்டும், மீனவருக்குரியது அப்புறம்தான். கங்கையிலிருந்து வந்த மீன், அரசாங்கம் விட்ட குஞ்சு, அரசாங்கம் கட்டிய ஏரி என்று பார்த்தால் அதுவும் நியாயம்தானே. நான் வலை இழுக்கக் கை கொடுத்த ரோகுவை நானே காசு கொடுத்து வாங்கிக்கொண்டுதான் திரும்புவேன். இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, நடுவில் ஐஸ் வைத்து, அதையும் ஒரு துணிப்பையில் போட்டுத்தான் கொண்டுவருவேன். எப்படிக் கட்டினாலும் போளூர் வருவதற்குள் ஒழுக ஆரம்பித்துவிடும். கடைசியாக வந்தபோது கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே தரையைப் பார்த்தார், பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இன்னா மீனு?” என்றார். ரோகு என்றேன். “டேம் மீனா? அப்ப சரி, சீட்டுக்குக் கீழ தள்ளி வைங்க” என்று சொல்லிவிட்டு, கிலோ என்ன விலை என்று விசாரித்துக்கொண்டே கண்ணமங்கலம் வரை பக்கத்தில் நின்றிருந்தார்.